புறாவுக்குப் போடும் அரிசி யார் கணக்கில்?

அடுக்குமாடிகளில் லிஃப்ட் பக்கத்தில் இப்போதெல்லாம் ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம். புறாக்களுக்கு உணவு போடாதீர்கள் என்று மலாயில் பெரிய எழுத்தில் இருக்கும். எங்கள் புளோக்கில் அந்தத் தாளின் ஓரத்தில் யாரோ நீலப் பேனாவால் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "வாயில்லாத ஜீவனுக்குச் சோறு போடுவது பாவமா?"

நல்ல கேள்வி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. சின்ன வயசிலிருந்து சமய வகுப்பில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? காக்கைக்கு ஒரு பிடி சோறு, எறும்புக்குக் கோலமாவு, பசுவுக்கு அகத்திக்கீரை. பிற உயிர்களுக்கு உணவளிக்கும் பூத யக்ஞம் இல்லறத்தில் இருப்பவருக்கு உரிய ஐந்து வேள்விகளில் ஒன்று. இப்படி வளர்ந்த ஒருவரிடம் ஒரு தாளை ஒட்டி 'போடாதே' என்றால் மனசு எப்படி ஏற்றுக்கொள்ளும்?

கீழ்வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. துவைத்துக் காயப்போட்ட பள்ளிச் சீருடையில் எச்சம். ஏர்கோன் கம்ப்ரசருக்குப் பின்னால் கூடு. மழைநீர்க் குழாயில் இறகும் குச்சியும் அடைப்பு. வாட்ஸ்அப் குழுவில் இது பேச்சாக ஆரம்பித்து, "உங்க ஆளுங்கதான் போடுறாங்க" என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், எல்லாரும் புறாவை மறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நடப்பது வேறு சண்டை. அந்த வரி வருவதற்கு முன்னாலேயே நம் இளைஞர்கள் இந்த விஷயத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் புறா?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண்போம். நம் தாமான்களில் தரையில் தத்தித் தத்தி மேயும் சின்னப் புறாவை மலாயில் மெர்போக் என்பார்கள். கழுத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துண்டு கட்டியது மாதிரி இருப்பது தெக்குக்கூர். மரத்தில் பழம் தின்னும் பச்சைப்புறா பூனாய். இவை இந்த மண்ணின் பறவைகள். பெருங்கூட்டமாக வந்து யார் வீட்டு யார்டையும் நாசம் பண்ணுவதில்லை. இவற்றை விட்டுவிடுங்கள்.

தொல்லை கொடுப்பது சாம்பல் நிற மாடப்புறா, மலாயில் மெர்பாத்தி. இதன் மூதாதையர் மத்தியதரைக் கடலோரத்திலும் மேற்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் பாறை விளிம்புகளில் கூடு கட்டி வாழ்ந்த பறவைகள். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிடித்து வளர்த்தான். இறைச்சிக்கு, தூதுக்கு, பந்தயத்துக்கு. கூண்டை விட்டுத் தப்பியவற்றின் வாரிசுகள்தான் இன்று உலகம் முழுக்க நகரங்களில் இருக்கின்றன. அதன் கண்ணுக்கு 17 மாடிக் கட்டடம் ஒரு மலைப்பாறை. ஜன்னல் மேல் இருக்கும் சிமெண்டு விளிம்பு, ஏர்கோன் வைக்கும் மேடை, கூரைக்கு அடியில் இருக்கும் இடுக்கு எல்லாமே பாறைப் பொந்து. நாம் கட்டிக் கொடுத்த வீட்டில்தான் அது குடியிருக்கிறது.

(காக்கையும் இங்கே அப்படி வந்ததுதான். 1890களில் காப்பித் தோட்டங்களின் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டு வந்தார்கள். புழுவைவிடக் குப்பை சுலபம் என்று அது சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது.)

மாடப்புறா ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். சுமார் 18 நாளில் குஞ்சு வெளியே வரும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறந்துவிடும். தாயும் தந்தையும் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டும்; பறவைகளில் இது அபூர்வம். நம் நாட்டில் குளிர்காலம் கிடையாது. ஆகவே வருஷம் முழுக்க முட்டை இடலாம், தீனி மட்டும் குறையாமல் இருந்தால்.

அந்த 'தீனி மட்டும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரிசிக் கணக்கு

பொறியியல் படிக்கிற ஆளிடம் கட்டுரை கேட்டால் கணக்கு வராமல் இருக்குமா? பொறுத்துக்கொள்ளுங்கள், சின்னக் கணக்குதான்.

ஒரு மாடப்புறா நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் தின்னும். ஒருவர் வாரத்துக்கு ஒரு 5 கிலோ அரிசி மூட்டையைப் புறாவுக்குச் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 700 கிராம் சொச்சம். அதாவது 23, 24 புறாக்களின் முழுச் சாப்பாடு. அவை வேறெங்கும் இரை தேடப் போக வேண்டியதே இல்லை. நடைமுறையில் புறா குப்பைத் தொட்டியிலும் ஐந்தடியில் சிந்திய சோற்றிலும் பாதி வயிறு நிரப்பிக்கொண்டுதான் வரும், ஆகவே அந்த 700 கிராமை நம்பி 40, 50 கூட வந்து நிற்கலாம்.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஒரு பழக்கம் சொல்லித் தருவார்கள். ஒரு தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போனால் வாளியால் அள்ளிக் கொட்டுவதற்கு முன் குழாயைப் பார். புறா எண்ணிக்கையும் அப்படித்தான். கூட்டத்தைக் குறைத்தால், தீனி அதே அளவில் இருக்கும் வரை, மிச்சம் இருப்பவற்றுக்குப் பங்கு அதிகம். அதிகக் குஞ்சுகள் பிழைக்கும். வெளியிலிருந்தும் புதுப் புறா வந்து சேரும். கொஞ்ச மாதத்தில் பழைய மட்டம்.

இதை ஒரு நகரமே செய்து பார்த்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறக்குறைய 1,00,000 புறாக்களைப் பிடித்தும் சுட்டும் கொன்றார்கள். நகரத்தில் இருந்தவை சுமார் 20,000. இருபத்துச் சொச்சம் வருஷம் கொன்ற பிறகும் அதே 20,000 இருந்தன. பிறகு 1988இல் டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் என்ற உயிரியல் ஆய்வாளர் வேறு வழியைத் தொடங்கினார். தீனி போடுவது புறாவுக்கே கெடுதல் என்று சுவரொட்டியும் துண்டுப் பிரசுரமும் போட்டு மக்களிடம் பேசினார்கள். கூடவே சில கட்டடங்களில் கண்காணிப்போடு புறாக்கூடுகள் அமைத்து, இடும் முட்டைகளை எடுத்தார்கள். நான்கு வருஷத்தில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. கொலை செய்து முடியாததைப் பேசி முடித்தார்கள் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நடந்தது அதுதான்.

'புறாவுக்கே கெடுதல்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இடத்துக்கு மீறிய கூட்டம் ஒரே விளிம்பில் நெருக்கி வாழும்போது நோயும் உண்ணியும் சுலபமாகப் பரவும். குஞ்சுகள் கூட்டிலேயே சாகும். கால்விரல் அழுகி நொண்டும் புறாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நூலும் முடியும் விரலில் சுற்றி இறுகியதால் வருவது. நாம் வளர்க்கிறோம் என்று நினைக்கும் இடத்தில் அவை நன்றாக வாழவில்லை.

மனிதர் பக்கம் வருவோம். இதை ஊதிப் பெரிதாக்கவும் வேண்டாம், சின்னதாக்கவும் வேண்டாம். காய்ந்த எச்சத் தூளில் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைக் கிருமி இருக்கலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்றம் செய்தவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கதை வேறு. எச்சத் தூளையும் இறகுத் தூளையும் நாள்தோறும் சுவாசிப்பவருக்கு நுரையீரல் அழற்சி வரலாம், புறா வளர்ப்பவர்களிடம் பார்க்கப்படும் நோய் அது. என்னைக் கேட்டால், நம் நாட்டில் அதைவிடப் பெரிய கவலை மொட்டைமாடி வடிகால். இறகும் குச்சியும் எச்சமும் சேர்ந்து அடைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு தயார். டிங்கி வந்த வீட்டில் யாரும் புறாவைச் சந்தேகிப்பதில்லை.

ஆன்லைனில் வாங்கும் முன்

மீயொலிக் கருவி ஒன்று விற்கிறார்கள். மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி, புறா பயந்து ஓடும் என்று விளம்பரம். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். புறாவின் காது அதில் பாதியைக்கூடச் சரியாக எட்டாது. நமக்கே கேட்காத ஒலி அதற்கு எப்படிக் கேட்கும்? காசு மிச்சம் பண்ணுங்கள். பிளாஸ்டிக் ஆந்தை, தொங்கவிட்ட பழைய சிடி எல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு ஆந்தையின் தலையிலேயே புறா உட்காரும். ஒட்டும் பசை தடவவே வேண்டாம். புறாவைவிடச் சின்னப் பறவைகள்தான் அதில் சிக்கித் துடித்துச் சாகும்.

உண்மையில் வேலை செய்வது வலை. கண்ணி அளவு 50 மில்லிமீட்டர், வெயில் தாங்கும் பாலிஎத்திலீன் வலை, ஓரம் முழுக்கத் துருப்பிடிக்காத கம்பியில் இழுத்துக் கட்ட வேண்டும். தொளதொளவென்று கட்டினால் பறவை சிக்கும்; ஓரத்தில் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டால் புறா உள்ளே போய் வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்ளும். குறுகலான விளிம்பில் ஊசிக்கம்பி போடலாம், ஆனால் ஏற்கெனவே கூடு கட்டிப் பழகிய இடத்தில் அந்த ஊசிகளுக்கு நடுவிலேயே குச்சி அடுக்கிக் கூடு கட்டும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. விளிம்பின் மேல் 45 பாகைக்கு மேல் சரிவாக ஒரு வழுக்குத் தகடு வைத்தால் உட்காரப் பிடிப்பு கிடைக்காது. புதுக் கட்டடம் வரைபவர்கள் இதை முதலிலேயே யோசித்தால் பாதிப் பிரச்சனை பிறக்கவே பிறக்காது; எதிர்காலக் கட்டடப் பொறியாளர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். வெளிச்சுவரின் தோற்றம் மாறும் எந்த வேலைக்கும் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வலை போடும் முன் இடுக்கில் குஞ்சு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் நான்கைந்து வாரம் பொறுங்கள். தாய் வெளியே, குஞ்சு உள்ளே என்று கட்டிவிட்டால் அது பட்டினியில் சாகும். நாற்றமும் உங்கள் வீட்டுக்குத்தான்.

சுத்தம் செய்யும்போது காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, என்95 முகமூடியும் கையுறையும் போட்டு, சுரண்டிப் பையில் கட்டுங்கள். வீட்டில் ஆஸ்துமா இருப்பவரை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

விஷம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் கோபத்தில் ஒருவர் இதைச் சொல்வார். 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட் முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மைனாவும் பூனையும் அதே அரிசியைத் தின்னும். கீழே விளையாடும் குழந்தையும் இருக்கிறது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சிபி செய்தது என்ன?

இனி நீலப் பேனாக்காரரின் கேள்விக்கு வருகிறேன். புறா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிபிச் சக்கரவர்த்தி. மகாபாரதத்தில் வரும் கதை. சோழர்கள் தங்களைச் சிபியின் வழிவந்தவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். அடைக்கலம் தேடி வந்த புறாவைக் காப்பாற்ற ராஜா தன் தொடைச் சதையை அறுத்துத் தராசில் வைத்தார் என்பது வரை எல்லாருக்கும் தெரியும். கதையில் பருந்தும் பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "இது என் இரை. இதைப் பிடுங்கிக்கொண்டால் நானும் என் குஞ்சுகளும் பட்டினி கிடப்போம், அது தர்மமா?" என்கிற மாதிரி அது கேட்கிறது. சிபி அதை விரட்டவில்லை. "நீ சொல்வதும் நியாயம்" என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் தராசு வருகிறது. புறாவின் உயிருக்கும் பருந்தின் பசிக்கும் சேர்த்து விலை கொடுத்தார், அந்த விலையைத் தன் உடம்பிலிருந்து கொடுத்தார்.

இப்போது நம் அடுக்குமாடியைப் பாருங்கள். ஏழாவது மாடியில் ஒருவர் அரிசி போடுகிறார். அவர் செலவு சில ரிங்கிட். மீதி விலையை யார் கொடுக்கிறார்கள்? ஆறாவது மாடியில் துணியை மறுபடியும் துவைக்கும் மக்சிக். மூன்றாவது மாடியில் ஜன்னலைத் திறக்காமல் வாழும் சீன அங்கிள். கோரிடோரைத் தேய்த்துக் கழுவும் துப்புரவுத் தொழிலாளி. நெருக்கத்தில் நோயில் சாகும் புறாக்குஞ்சுகள். இவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சிபி பக்கத்து வீட்டுக்காரரின் தொடையை அறுக்கவில்லையே.

திருமந்திரத்தில் திருமூலர் எல்லாராலும் முடிந்த தர்மங்களாக நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் உணவு, சாப்பிடும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஓர் இனிய சொல். தேவாரம், திருமந்திரம் வகுப்பில் இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அளவைக் கவனியுங்கள். கைப்பிடிதான், மூட்டை எங்கும் இல்லை. வாசலில் போடும் அரிசிமாக் கோலமும் அப்படித்தான், எறும்பு தின்று முடித்ததும் மறைந்துவிடும், யார் வீட்டுக்கும் பாரமில்லை. அப்படியென்றால் நாள்தோறும் ஒரே இடத்தில் கொட்டி ஒரு கூட்டத்தை வளர்ப்பது பூத யக்ஞத்தில் சேருமா? சேராது என்பது என் கருத்து. உங்கள் குருக்களிடமும் கேளுங்கள்.

கோவில்களுக்கும் இதில் பங்கு உண்டு. பத்துமலையில் முருகன் சிலைக்கு முன்னால் தீனிப் பொட்டலம் வாங்கிப் புறாவுக்குப் போட்டுப் படம் எடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சுற்றுப்பயணிகளைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இருப்பதைப் பார்த்துச் செய்கிறார்கள். லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்திலும் தீனி விற்றார்கள். அங்கேயும் 'இது பாரம்பரியம்' என்றார்கள். 2003இல் தீனி போடுவதைத் தடை செய்தார்கள். சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் புறாவுக்கு உணவளிப்பவருக்கு முதல் தடவை 5,000 வெள்ளி வரையிலும், மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம். கோபுரச் சிற்பத்தின் வண்ணத்தை எச்சத்தின் அமிலம் அரிப்பதைப் பார்த்தும் நாம் சும்மா இருந்தால், அடுத்த கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறப்போவதும் நாம்தான்.

பாட்டியிடம் யார் பேசுவது?

பெரும்பாலான புளோக்குகளில் தீனி போடுபவர் ஒன்றிரண்டு பேர்தான். வயதானவர்கள். போய் "சட்டப்படி தப்பு பாட்டி" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு சாத்தப்படும். முதலில் உட்கார்ந்து ஏன் போடுகிறார் என்று கேளுங்கள். தாத்தாவின் திதியிலிருந்து ஆரம்பித்ததாக இருக்கலாம். சனி தோஷத்துக்கு யாரோ சொன்ன பரிகாரமாக இருக்கலாம். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு காலை ஏழு மணிக்கு அவரைத் தேடி வருவது அந்தப் புறாக்கள் மட்டும்தான் என்றும் இருக்கலாம். இந்த மூன்றாவது காரணத்துக்கு எந்த அறிவிப்புத் தாளும் பதில் சொல்லாது.

நான் சொல்லிப் பார்க்கச் சொல்வது இப்படி: "பாட்டி, நீங்க போடுற அரிசியைச் சனிக்கிழமை கோவில் அன்னதானத்துக்குக் கொடுப்போமா? நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். நீங்க காய் நறுக்க உக்காந்தீங்கன்னா அங்க ஆளுங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்." சொல்வதோடு விடாமல் அந்தச் சனிக்கிழமை உண்மையிலேயே போய் நிற்க வேண்டும், அதற்கு அடுத்த சனிக்கிழமையும். திதி அன்று காக்கைக்கு வைக்கும் ஒரு பிடியை யாரும் தடுக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். தட்டில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும்.

பேசியும் கேட்காதவர் இருந்தால் முறைப்படி போகலாம். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் குடியிருப்பின் கூட்டு நிர்வாகக் குழு, பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிக் கூடுதல் துணைவிதி கொண்டு வரலாம். மீறுபவருக்கு 200 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம் விதிக்கலாம். சாதாரணப் பெரும்பான்மை போதாது, நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். நம் ஆட்கள் பொதுக்கூட்டத்துக்குப் போவதே இல்லை, பிறகு 'எங்களைக் கேட்காமல் முடிவு பண்ணிட்டாங்க' என்று குறை. அப்பா அம்மாவை அனுப்பி வையுங்கள். தீர்மானத்தை நம் வீட்டிலிருந்து ஒருவரே முன்மொழிந்தால், 'உங்க ஆளுங்க' என்ற அந்த வரிக்கு இடமே இருக்காது. அதே தீர்மானத்தில் குப்பை அறைக்கு மூடி, மொட்டைமாடி வடிகாலுக்கு மாதம் ஒரு தடவை சுத்தம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அரிசியை மட்டும் நிறுத்திக் குப்பையைத் திறந்து வைத்தால் பாட்டி கேட்கும் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

கூட்டத்துக்கு எண்ணிக்கையோடு போங்கள். ஞாயிறு காலை 7.30க்கு ஒருவர் ஒரே இடத்தில் நின்று 10 நிமிடம், ஒரே நேரத்தில் கண்ணில் படும் அதிகபட்சப் புறாக்களை எண்ண வேண்டும். எந்த மாடியில் எந்த விளிம்பில் உட்காருகின்றன என்று கைப்பேசியில் ஒரு படம். தீனி நிற்பதற்கு முன் நான்கு வாரம், நின்ற பிறகு மூன்று மாதம். தீனி நின்ற முதல் நாட்களில் எண்ணிக்கை குறையாது. பழகிய இடம் என்பதால் காலை ஏழு மணிக்கு வரிசையாக வந்து கூரையில் காத்திருக்கும், பார்க்கப் பாவமாகவும் இருக்கும். அந்த நாட்களில்தான் யாராவது மனசு இளகி ஒரு பிடி போட்டுவிடுவார்கள். எண்ணும் பொறுப்பில் இருப்பவர் அந்த வாரங்களில் பாட்டி வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வரட்டும்.